அணுசக்தி நகர்: சமையலறைக் குப்பையை கேஸாக்கும் மெஷின் பக்கத்திலேயே இருக்கு, சிக்கல் எங்கே?

மும்பை மாநகராட்சியின் எம் கிழக்கு வார்டை வரைபடத்தில் பாருங்கள். ஒரு பக்கம் தேவ்னார் குப்பைமேடு. 1927-இல் இருந்து நகரத்தின் குப்பை அங்கேதான் போய்க் கொட்டியது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம், அதாவது பிஏஆர்சி. அதன் ஊழியர்கள் வசிக்கும் டவுன்ஷிப்தான் அணுசக்தி நகர். சமையலறை மிச்சத்தை எரிவாயுவாகவும் உரமாகவும் மாற்றும் 'நிசர்கருணா' பயோகேஸ் முறை உருவானதும் இதே பிஏஆர்சியில்தான்.

குப்பைமேடும் பக்கத்தில், அதைத் தவிர்க்கும் மெஷினும் பக்கத்தில். நடுவில் 2011 கணக்கெடுப்புப்படி 8 லட்சம் பேர் வாழும் ஒரு வார்டு. அப்படியென்றால் இந்த வார்டின் சாதமும் குழம்பும் காய்த்தோலும் எப்போதோ கேஸாகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. காரணம் மெஷினில் இல்லை. வீட்டு வாசலில் குப்பை எப்படி வாங்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.

உணவுக் குப்பையை ஏன் தனியாக வாங்கணும்?

மும்பை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6,500 டன் குப்பை போடுகிறது. மாநகராட்சியின் சுற்றுச்சூழல் அறிக்கைகளின்படி அதில் 70 சதவீதத்துக்கும் மேல் உணவு சார்ந்த ஈரக் குப்பை. பேப்பர், பிளாஸ்டிக் எல்லாம் சேர்த்தாலும் அதன் பக்கத்தில் வராது. நாம் 'பிளாஸ்டிக் பிரச்சினை' என்று பேசிக்கொண்டிருப்பது, எடைக் கணக்கில் பார்த்தால், பெரும்பாலும் சாதப் பிரச்சினை.

சமையலறைக் குப்பையின் எடையில் முக்கால்வாசி தண்ணீர். அதாவது செம்பூரில் இருந்தும் மாட்டுங்காவில் இருந்தும் காஞ்சுர்மார்க் வரை டீசல் எரித்து லாரியில் நாம் அனுப்புவதில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் நிஜமான தொல்லை. காற்றுப் புகாத குவியலுக்குள் உணவு அழுகினால் மீத்தேன் வரும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு அதிகமாக பூமியைச் சூடாக்கும் வாயு அது. எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். 2016 ஜனவரி கடைசியில் தேவ்னார் பற்றி எரிந்தபோது புகை நாள்கணக்கில் நகரத்தின் மேல் நின்றது. சுற்றுவட்டாரப் பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. அடுத்த மாதமே பம்பாய் உயர் நீதிமன்றம், குப்பையைக் கையாள வழி செய்யாமல் புதுக் கட்டடங்களுக்கு அனுமதி கூடாது என்று தடை போட்டது.

2025 நிலவரப்படி தேவ்னாரில் கிடந்தது சுமார் 185 லட்சம் டன் பழைய குப்பை. அதை அகற்ற 2025-இல் மாநகராட்சி ரூ.2,368 கோடி மதிப்பில் டெண்டர் விட்டது. அந்த நிலத்தில் 124 ஏக்கர் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு என்று ஒதுக்கப்பட்டிருப்பதால், தாராவித் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. இன்னொரு பக்கம் காஞ்சுர்மார்க். அந்த இடம் பாதுகாக்கப்பட்ட வனம் என்று 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததால் லாரிகள் இன்னும் போகின்றன. நகரத்தின் பெரும்பாலான குப்பைக்கு இப்போதைக்கு வேறு இடம் கிடையாது.

நிசர்கருணா எப்படி வேலை செய்கிறது?

'நிசர்க' என்றால் இயற்கை, 'ருண' என்றால் கடன். இயற்கைக்குப் பட்ட கடன் என்று அர்த்தம். பிஏஆர்சி விஞ்ஞானி சரத் காளே உருவாக்கியது. 2013-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் ஊர் சாண எரிவாயுக் கலத்தின் அடுத்த தலைமுறை என்று இதைச் சொல்லலாம். பழைய கலத்தில் எல்லாமே ஒரே தொட்டியில் நடக்கும். சாணத்துக்கு அது போதும். மாடு ஏற்கெனவே பாதி வேலையை வயிற்றுக்குள் முடித்துத்தான் வெளியே அனுப்புகிறது. சமையலறை மிச்சத்துக்கு அந்த வசதி இல்லை. நேராகப் போட்டால் தொட்டி புளித்துவிடும். அமிலம் ஏறினால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் வேலையை நிறுத்திவிடும்.

நிசர்கருணாவில் அந்த 'மாட்டு வேலை'க்குத் தனித் தொட்டி. முதலில் குப்பையை மிக்ஸரில் தண்ணீர் சேர்த்து அரைக்கிறார்கள், நம் வீட்டு தோசை மாவுப் பதத்துக்கு. அது முதல் தொட்டிக்குப் போகிறது. சோலார் ஹீட்டரில் சூடான நீர் சேர்த்து, காற்றும் செலுத்துவார்கள். சூட்டை விரும்பும் நுண்ணுயிரிகள் சில நாளில் கூழை உடைத்துவிடும். பிறகு அது காற்றுப் புகாத இரண்டாவது, பெரிய தொட்டிக்குப் போகும். மீத்தேன் வருவது அங்கேதான். கடைசியில் வெளியே வரும் கூழை வடிகட்டினால் உரம். வடிந்த தண்ணீரைத் திரும்ப முதல் மிக்ஸருக்கே எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கேஸ் வரும்? ஒரு டன் உணவுக் குப்பைக்கு 80 முதல் 100 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வீட்டு சிலிண்டர் கணக்கில் இரண்டரை முதல் மூன்று. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாகிறது என்று மதிப்பிடுகிறது. நான்கு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 600 கிராம். ஆக ஒரு டன் சேர சுமார் 1,650 வீடு வேண்டும்.

1,650 வீடு சேர்ந்து மூன்று சிலிண்டர். கேட்க ஏமாற்றமாகத்தான் இருக்கும். கேஸ் விற்று லாபம் பார்க்கலாம் என்று யாராவது சொல்லி இந்தத் திட்டத்தை உங்கள் சொசைட்டியில் விற்க வந்தால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். லாபம் கேஸில் இல்லை. தினம் ஒரு டன் லாரி ஏறாமல் போகிறதே, அதில் இருக்கிறது.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் இது இல்லை?

இந்த மெஷினுக்கு ஒத்துக்கொள்ளாதவை: பிளாஸ்டிக் கவர், தேங்காய்ச் சிரட்டை, நார், பெரிய எலும்பு, முட்டை ஓடு, துணி, கண்ணாடி, மண். ஒரு பால் கவர் மிக்ஸர் பிளேடில் சுற்றிக்கொண்டால் அன்றைய வேலை நின்றது. மூன்று நாள் நின்றால் குவிந்த குப்பை நாறும், பக்கத்துக் கட்டடம் புகார் கொடுக்கும், சொசைட்டி கூட்டத்தில் 'மூடிடலாம்' என்று யாராவது எழுந்து சொல்வார். பயோகேஸ் ஆலைகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன. ஆலைக்குள் குப்பையைப் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டிய இடம் சிங்க்குக்கும் டப்பாவுக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டடி.

பிரித்து வைப்பது பாதி வேலைதான். நீங்கள் இரண்டு டப்பாவில் வைத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் அடுத்த வாரம் நீங்களும் பிரிக்க மாட்டீர்கள். யாரும் மாட்டார்கள். ஆகவே உணவுக் குப்பைச் சேகரிப்பு என்றால் உண்மையில் இதுதான்: தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் வருவது. டப்பாவைத் திறந்து பார்ப்பது. உள்ளே கவர் இருந்தால், 'இதை எடுக்க மாட்டேன்' என்று சொல்லும் அதிகாரம் அந்த ஆளுக்கு இருப்பது.

இந்த வட்டாரத்தில் அதைச் செய்து காட்டியவர்கள் குப்பை பொறுக்கும் பெண்கள். 1975-இல் தொடங்கிய ஸ்த்ரீ முக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பு, 1998-இல் 'பரிசர் விகாஸ்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைத்த பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து, குடியிருப்புகளில் பிரித்து வாங்கவும் உரம் போடவும் நிசர்கருணா ஆலைகளை இயக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். மெஷினை வடிவமைத்தது அணு ஆராய்ச்சி மையம் என்றாலும், கலனுக்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்பதில் கண்ணும் கையும் பழகியவர்கள் இந்தப் பெண்கள்தான். பட்ஜெட்டில் மெஷினுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு இவர்கள் சம்பளத்தைக் கடைசி வரியில் வைப்பதுதான் வழக்கம். அதைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பது என் கருத்து.

சுவருக்கு அந்தப் பக்கம்

அணுசக்தி நகர் என்ற பெயர் மரங்கள் சூழ்ந்த டவுன்ஷிப்பை மட்டும் குறிப்பதில்லை. அது ஒரு சட்டமன்றத் தொகுதியும்கூட. தமிழர்கள் கணிசமாக வாழும் சீத்தா கேம்ப் அதற்குள்தான் வருகிறது. அந்தக் குடியிருப்பு உருவானதற்கே பிஏஆர்சியோடு தொடர்பு உண்டு. டவுன்ஷிப்பை ஒட்டி ஜனதா காலனி என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. அந்த நிலம் வேண்டும் என்று 1976-இல், எமர்ஜென்சி காலத்தில், சுமார் 70 ஆயிரம் பேரைப் பெயர்த்து அனுப்பிய இடம்தான் சீத்தா கேம்ப்.

ஜனதா காலனியின் போராட்டத்தை நடத்தியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் பிறந்து 1963-இல் மும்பை வந்த தமிழர். பின்னாளில் தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கி, 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். 2018-இல் காலமானார். அவருடைய ஆரம்பக் காலப் போராட்டங்களில் ஒன்று குப்பையைப் பற்றியது. காலனியில் மாநகராட்சி குப்பை எடுப்பதே இல்லை. பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையைக் கையில் கொடுத்து, பிக்னிக் போவது போல அழைத்துப்போய் மாநகராட்சி அலுவலக வாசலில் போடவைத்தார். அதிகாரிகள் பேச்சுக்கு வந்தார்கள். இதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

டவுன்ஷிப்பில் கேட் உண்டு, பில்டிங் எண் உண்டு, மாடிப்படியில் டப்பா வைக்க இடம் உண்டு. சீத்தா கேம்ப் போன்ற இடத்தில் பத்துக்குப் பத்து அறைக்குள் ஒரு டப்பா வைக்கவே இடம் இல்லை, இரண்டாவது டப்பா எங்கே வைப்பது? வண்டி நுழையாத சந்தில் யாராவது தூக்கிக்கொண்டுதான் வரணும். இப்படிப்பட்ட பகுதிகளில் உள்ளூர்க் குழுக்களுக்குப் பணம் கொடுத்து சந்துகளைச் சுத்தம் செய்யும் திட்டத்தை மாநகராட்சி பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறது. ஆனால் 'எடுத்துப் போனால் போதும்' என்பதற்கும் 'பிரித்து எடு' என்பதற்கும் வேலை இரட்டிப்பு. கூலியும் அப்படி ஏறாவிட்டால் அந்தக் குழு ஏன் பிரிக்கப் போகிறது? எந்தத் திட்டமும் டவுன்ஷிப்பில் ஜெயிப்பது சுலபம். சந்துக்குள் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு மார்க் போடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 திடக்கழிவு விதிகள் குப்பையைப் பிரிப்பதைக் கட்டாயமாக்கின. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்களும், நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடங்களும் 2017 அக்டோபர் 2 முதல் ஈரக் குப்பையைத் தங்கள் வளாகத்திலேயே பதப்படுத்த வேண்டும் என்று மும்பை மாநகராட்சி சொன்னது. மேலே போட்ட அதே 600 கிராம் கணக்கில் பார்த்தால், சுமார் 170 ஃபிளாட் இருந்தாலே உங்கள் சொசைட்டி அந்த வரம்பைத் தொட்டுவிடும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புது விதிகளில் குப்பை நான்காகிறது: ஈரம், உலர், சானிட்டரி, மருந்து, பெயின்ட் டப்பா போன்ற தனிக் கவனம் தேவைப்படுபவை.

விதி போட்டால் மட்டும் நடக்காது என்பதற்கு மும்பையே சாட்சி. நடந்த ஊர் இந்தூர். 2022 பிப்ரவரியில் அங்கே நாளுக்கு 550 டன் ஈரக் குப்பையை பயோ-சிஎன்ஜி ஆக்கும் ஆலை திறக்கப்பட்டது. அந்த கேஸில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆனால் ஆலைக்குப் பல ஆண்டு முன்பே வீடு வீடாகப் பிரித்து வாங்கும் பழக்கத்தை அவர்கள் உண்டாக்கிவிட்டார்கள். தென் கொரியா உணவுக் குப்பையை நேரடியாகப் புதைப்பதை 2005-இல் தடை செய்தது. பிறகு எடைக்கு ஏற்பக் கட்டணம் வந்தது. பல அடுக்ககங்களில் கார்டைத் தட்டினால் மூடி திறக்கும், போட்ட எடைக்குக் காசு ஏறும். இரண்டு ஊரிலும் வரிசை ஒன்றுதான்: முதலில் பழக்கம், பிறகு மெஷின்.

சரி, நாளைக் காலையில் உங்கள் டப்பாவில் எது போகலாம்?

மிஞ்சிய சாதம், சப்பாத்தி, சாம்பாரின் கெட்டிப் பகுதி, காய்த்தோல், பழத்தோல், டீத்தூள், கெட்டுப்போன இட்லி மாவு எல்லாம் போகும். டீ பேக்கின் நூலையும் பின்னையும் எடுத்துவிட்டுப் போடுங்கள். மீன் முள், கோழி எலும்பு போன்ற சிறியவற்றை வாங்குவார்களா என்று உங்கள் பகுதியில் எடுப்பவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆலைக்கு ஆலை வேறுபடும். குழம்பின் தண்ணீரை வடித்துவிட்டுப் போட்டால் நாற்றம் பாதி குறையும், தூக்குகிறவருக்கு எடையும் குறையும். ஓட்டைத் தட்டு உள்ள டப்பா இதற்கென்றே கிடைக்கிறது. பழைய அரிசிக் கூடையும் போதும். டப்பாவுக்குள் பிளாஸ்டிக் பை விரிக்காதீர்கள். 'மக்கும் பை' என்று அச்சிட்டிருந்தாலும், எடுப்பவர் சரி என்று சொன்ன பிறகு விரியுங்கள்.

நம் வீடுகளின் பெரிய சிக்கல் தேங்காய். சிரட்டையும் நாரும் ஈரக் குப்பைதானே என்று போட்டுவிடுவோம். மிக்ஸர் பிளேடுக்கு அதுதான் முதல் எதிரி. அவற்றைத் தனியாகக் கட்டி வைத்து, எடுக்க வருகிறவரிடம் கையில் கொடுத்துவிடுங்கள்.