ஜூலை உரையும் ஜனவரி உரையும்

அமெரிக்காவின் எண்ணெய் நெருக்கடியை 1973 அக்டோபரிலிருந்து எழுதுவதுதான் வழக்கம். போரில் இஸ்ரேலுக்கு உதவியதற்காக அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின, சில மாதங்களில் விலை நான்கு மடங்கானது, பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. நடந்தது உண்மை, ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. பெயரில் ரயிலும் பொறுப்பில் எண்ணெய்க் கிணறும் கொண்ட டெக்சஸ் ரயில்வே ஆணையம், விலை சரியாமல் இருக்க மாதம் எவ்வளவு இறைக்கலாம் என்று 1930களிலிருந்தே அளந்து கொடுத்து வந்தது. அப்படி இறைக்காமல் நிறுத்திவைத்த எண்ணெய்தான் 1956 சூயஸ் நெருக்கடியிலும் 1967 அரபு-இஸ்ரேல் போரிலும் மேற்கு நாடுகளுக்குக் கைகொடுத்தது. 1972 மார்ச்சில் ஆணையம், முழு அளவில் இறைத்துக்கொள்ளலாம் என்றது. நிறுத்திவைக்க இனி மிச்சம் இல்லை என்பதே அதன் பொருள். அமெரிக்க உற்பத்தி உச்சம் தொட்டு இறங்கும் என்று ஷெல் நிறுவன நிலவியலாளர் ஹப்பர்ட் 1956இலேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். 1970இல், நாளொன்றுக்குச் சுமார் 96 லட்சம் பேரல் என்ற உச்சத்தைத் தொட்ட அமெரிக்க உற்பத்தி இறங்கத் தொடங்கியது. மூன்றே ஆண்டுகள் கழித்து அரபு நாடுகளின் தடை வலித்தது என்றால், டெக்சஸில் கையிருப்பு தீர்ந்துபோயிருந்ததுதான் காரணம்.

எங்கே கதையைத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே தீர்வும் மாறும். அயலான் குழாயை அடைத்தான் என்றால் அவன் கையை விலக்க வேண்டும். சொந்தக் கிணறு வற்றுகிறது என்றால் செலவைக் குறைக்க வேண்டும். அமெரிக்க அதிபர்கள் இரண்டையும் செய்து பார்த்தார்கள். இரண்டாவது வழி பலன் தந்தது. ஆனால் அரசு நிலையாகப் பற்றிக்கொண்டது முதல் வழியைத்தான். 1973 நவம்பர் 7 அன்று நிக்சன், வீட்டுச் சூட்டைக் குறையுங்கள், காரை மெதுவாக ஓட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதே உரையில், 1980க்குள் எரிபொருளுக்கு எந்த நாட்டையும் நம்பாத நிலையை அடைவோம் என்று அறிவித்து, அந்தத் திட்டத்துக்கு ‘சுதந்திரம்’ என்று பெயரிட்டார். உற்பத்தி இறங்கிக்கொண்டிருந்த நாட்டில் ஏழே ஆண்டில் அது நடக்க வழியில்லை. அந்தப் பெயர் செய்த தீங்கு பெரிது: கிணறு வற்றுவதை அடிமைத்தனமாகக் காட்டிவிட்டது. ஆரவாரமில்லாத வேலையைச் செய்தவர் ஃபோர்டு. 1975 டிசம்பரில் அவர் கையெழுத்திட்ட சட்டம், புதுக் கார்கள் 1985க்குள் சராசரியாக ஒரு கேலனுக்கு 27.5 மைல் ஓட வேண்டும் என்றது. அன்றைய மைலேஜைப் போல ஏறத்தாழ இருமடங்கு.

கார்ட்டரிடம் இரண்டு வழிகளும் ஒரே ஆட்சிக்காலத்தில் வந்து சேர்ந்தன. ஈரான் புரட்சிக்குப் பிறகு மீண்டும் வரிசைகள் நீண்டபோது, அவர் கேம்ப் டேவிடில் பத்து நாள் தங்கிப் பலரையும் கலந்து பேசிவிட்டு, 1979 ஜூலை 15 இரவு தொலைக்காட்சியில் தோன்றினார். 1977இல் வாங்கியதைவிட ஒரு சொட்டு அதிகமாக வெளிநாட்டு எண்ணெயை இந்த நாடு இனி ஒருபோதும் வாங்காது என்றார். பொருள்களைக் குவிப்பது வாழ்வுக்கு அர்த்தம் தராது என்றும் சொன்னார். ‘சோர்வு உரை’ என்று வரலாற்றில் பெயர் பெற்ற அந்த உரையில் அப்படியொரு சொல்லே கிடையாது. உண்மையைச் சொன்னதற்காக மக்கள் அவரைத் தண்டித்தார்கள் என்ற கதையும் நாள்கணக்கைப் பார்த்தால் நிற்காது. உரைக்குப் பின் அவருக்கான ஆதரவு 11 புள்ளிகள் உயர்ந்தது. இரண்டு நாள் கழித்து அமைச்சரவை முழுவதையும் ராஜினாமா கடிதம் கொடுக்கச் சொன்ன பிறகே அது சரிந்தது. சிக்கனம் கேட்கும் தலைவன் தோற்பான் என்ற பாடத்தை அரசியல்வாதிகள் இந்த நிகழ்விலிருந்துதான் படித்தார்கள். அது தவறான பாடம்.

ஆறு மாதம் கழித்து, சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்திருந்த வேளையில், 1980 ஜனவரி 23 அன்று அதே கார்ட்டர் நாடாளுமன்றத்தில் வேறொன்று சொன்னார். பாரசீக வளைகுடாவைக் கைப்பற்ற வெளிச்சக்தி எதுவும் முயன்றால், ராணுவ பலம் உட்பட எந்த வழியிலும் அமெரிக்கா தடுக்கும். ஜூலை வாக்குறுதி காலப்போக்கில் கரைந்தது: 2005இல் நிகர இறக்குமதி நாளொன்றுக்குச் சுமார் 125 லட்சம் பேரலை எட்டியது. ஜனவரி வாக்குறுதியோ வளர்ந்தது. அதற்காக உருவான விரைவுப் படை 1983இல் மத்தியக் கட்டளையகமாயிற்று. 1987இல் குவைத்தின் எண்ணெய்க் கப்பல்களுக்கு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் காவல் சென்றன. 1991இல் போரே நடந்தது.

கார்ட்டரின் கணக்கு பொய்த்ததே என்று கேட்கலாம். 1980களின் தொடக்கத்தில் உலகத் தேவை உற்பத்தியை மிஞ்சக்கூடும் என்று அவர் 1977இல் எச்சரித்தது உண்மை. வட கடலிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் எண்ணெய் வந்து, 1986இல் விலையே சரிந்ததும் உண்மை. ஆனால் அந்தச் சரிவில் தேவை குறைந்ததற்கும் பங்கு உண்டு. 1978இல் நாளொன்றுக்கு 188 லட்சம் பேரலாக இருந்த அமெரிக்கப் பயன்பாடு 1983இல் 152 லட்சமாக இறங்கியது. அதைச் செய்தது விலை உயர்வும் பொருளாதார மந்தமும்தான், 1975 மைலேஜ் சட்டமல்ல என்பார்கள். பெரும்பகுதி அப்படித்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். மின்நிலையங்கள் எண்ணெயைக் கைவிட்டதற்கும் விலையே காரணம். என்றாலும் விலை விழுந்த பிறகும் கார் இன்ஜினுக்குள் தங்கிய சிக்கனம் சட்டம் தந்தது. ரீகன் அரசு 1986இல் அந்த மைலேஜ் வரம்பைத் தளர்த்தியது. பழைய அளவு திரும்பிய பிறகும் 2010 வரை உயரவில்லை. தளர்ந்த விதி கொண்ட பிக்கப் வண்டிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்த பெரிய எஸ்யூவிகளும் சாலைகளை நிறைத்தன. ஷேல் எண்ணெயால் 2018இல் உற்பத்தி 1970இன் உச்சத்தைத் தாண்டியதைக் காட்டி, கவலையே வீண் என்பவர்களும் உண்டு. இடைப்பட்ட 48 ஆண்டுகளை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த ஆண்டுகளில்தான் வளைகுடாவில் படைகள் நிலைகொண்டன, அங்கே மனிதர்கள் செத்தார்கள்.

டெக்சஸ் எண்ணெய்த் தொழிலிலிருந்து வந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ், அமெரிக்கா எண்ணெய்க்கு அடிமையாகிவிட்டது என்று 2006 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஃபோர்டு கொண்டுவந்த மைலேஜ் விதியை உயர்த்தும் சட்டத்தில் 2007 டிசம்பரில் அவர் கையெழுத்திட்டபோது, இராக்கில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கப் படையினர் இருந்தார்கள்.