பிலோமினா தேவாலயம், மைசூரு

மைசூரு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் பேராலயம். இது பழைய நகரில் அசோகா சாலையை ஒட்டி லஷ்கர் மொகல்லாவில் உள்ளது. புனித சூசையப்பர், புனித பிலோமினா ஆகிய இருவர் பெயராலும் வழங்குகிறது.

வரலாறு: மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1843-இல் இங்கு ஒரு சிறிய கோயில் எழுந்தது. 1926-இல் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் செயலராக இருந்த தம்பு செட்டியின் முயற்சியால் புனித பிலோமினாவின் திருப்பண்டம் மைசூருக்கு வந்தது. இன்றைய பேராலயத்துக்கு 1933 அக்டோபர் 28 அன்று நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார்.

கட்டடக்கலை: பிரெஞ்சுக்காரரான டேலி, ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு புதுக்கோத்திக் பாணியில் வடிவமைத்தார். இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களைப் போல இதன் தரைப்படம் சிலுவை வடிவிலானது: நீண்ட பகுதி மக்கள் அமரும் நடுக்கூடம், இரு கைகளும் குறுக்குக்கூடங்கள். முகப்பின் இரட்டைக் கூர்கோபுரங்கள் ஏறத்தாழ 175 அடி (53 மீட்டர்) உயரமுடையவை. கொலோன் கோபுரங்களின் உயரத்தில் இது மூன்றில் ஒரு பங்கு. 1248-இல் தொடங்கிய கொலோன் பேராலயம் முழுமை பெற்றது 1880-இல்தான். ஆகவே மைசூரின் முன்மாதிரியும் பாதி இடைக்காலம், பாதி பத்தொன்பதாம் நூற்றாண்டு.

உள்ளே கூர்முனை வளைவுகள் கூரையை நோக்கி எழுகின்றன. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் இயேசுவின் பிறப்பு, இறுதி இராவுணவு, சிலுவைப்பாடு, உயிர்ப்பு, விண்ணேற்றம் ஆகிய காட்சிகள் உள்ளன. பீடத்தின் கீழே உள்ள நிலவறைக்குப் படியிறங்கிச் சென்றால், சாய்ந்து படுத்த நிலையில் பிலோமினாவின் உருவச்சிலையைக் காணலாம்.