காயம் தோன்றாக் கேடுகள்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த தமிழரின் வரலாற்றை எழுதுவோர், அவர்கள் உழைத்த ஆலைகளையும் கண்ட சங்கங்களையும் எடுத்த கோயில்களையும் போற்றுவர். தொழில் அவர்தம் உடலில் எழுதிச் சென்ற வரலாறோ பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. கை முறிந்தால் அது விபத்து. பதிவேட்டில் இடம் பெறும். செவி மெல்ல மங்குவதும் மூச்சு மெல்லக் குறைவதும் முதுமையின் கணக்கில் சேர்ந்துவிடும். அக்கணக்கைத் திருத்த முயன்றோரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசீனி, 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். நாள் முழுதும் செம்பைத் தட்டும் கன்னார் செவிடாவதை அதில் விளக்கினார். நோயாளியிடம் அவன் செய்யும் தொழிலையும் கேட்டறிதல் மருத்துவன் கடமை என்று வற்புறுத்தினார். 1886இல் கிளாஸ்கோ நகரின் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரின் செவிகளைச் சோதித்தார். பழுதற்ற செவியுடையார் அவருள் ஒருவரும் இலர்.

இனி நம்மவர் வரலாற்றுக்கு வருவோம். மைசூர் நாட்டின் கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் தோண்டியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாக அங்குச் சென்றனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கங்கள் மேன்மேலும் ஆழ்ந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அங்கே வெப்பமும் பாறை வெடிப்பும் கண்கண்ட பகைகள். கண்ணுக்குப் புலப்படாத பகைகள் வேறு இரண்டு இருந்தன.

ஒன்று புழுதி. பாறையைத் துளைக்கையில் எழும் சிலிக்காத் துகள் மிக நுண்ணியதாயின், நுரையீரலின் ஆழத்தில் தங்கி அதனைத் தழும்பாக்கி இறுகச் செய்யும். இதுவே சிலிக்கோசிஸ். காசநோய்க்கும் இது வழி திறந்துவிடும். மைசூர் அரசு 1940இல் இந்நோய்க்கு இழப்பீடு வழங்க விதி செய்தது. 1940க்கும் 1946க்கும் இடையே தங்கவயலில் சோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் இந்நோய் கண்டிருந்தது.

மற்றொன்று ஓசை. காற்றழுத்தத் துளைக்கருவியின் இரைச்சல் 100 டெசிபலைக் கடப்பது. நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் நிற்பவர் செவி கெடும். உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலிற் குறைவது உயர்சுருதி ஒலி; ஆதலின் பேச்சு காதில் விழும், சொல் தெளிவாக விளங்காது. வீட்டார் அதனைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வர்.

இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தொடக்கத்தில் ஆந்திராக்ஸ், ஈய நஞ்சு, பாஸ்பரஸ் நஞ்சு போன்ற சிலவற்றையே தொழில்நோய் என ஏற்றது. ஓசையால் நேரும் செவிக்கேடு அப்பட்டியலில் ஏற நெடுங்காலம் ஆயிற்று. சட்டம் ஏற்ற பின்னரும், நோய் தொழிலால் வந்ததென மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளிமீதே பெரிதும் விழுகின்றது. தங்கவயற் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன; அங்கு உழைத்தோரின் நுரையீரற் புழுதியோ சுரங்கத்தோடு மூடப்படவில்லை.

துளைக்கும்போதே நீர் பாய்ச்சினால் புழுதி அடங்கும். இயந்திரத்தைத் தனியறையில் அடைத்தால் ஓசை குறையும். செவியடைப்பான் எஞ்சியதைத் தடுக்கும். இவை அரிய கலைகள் அல்ல. நம் காலனிகளில் பட்டறைக்கும் ஆலைக்கும் செல்வோர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஆண்டுக்கொருமுறை செவியையும் மார்பையும் சோதித்து, அச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்தல் வேண்டும். மருத்துவர் கேளாவிடினும் தம் தொழிலை நாமே எடுத்துரைக்க வேண்டும். சங்கமும் ஆண்டுதோறும் ஒரு நாளை இதற்கென ஒதுக்குமாயின், நம் முன்னோர் ஏட்டில் ஏறாது போன குறை நம் மக்கட்கு நேராது.