மாதிரி ரயில் டிகோடர்: விளக்கு அமைப்பின் வரலாறு

மாதிரி ரயில் டிகோடர் என்பது சிறிய அளவிலான ரயில் எஞ்சினுக்குள் பொருத்தப்படும் மின்சுற்றுப் பலகை. தண்டவாளம் வழியே வரும் எண்முறைக் கட்டளைகளைப் படித்து மோட்டாரையும் விளக்குகளையும் இது இயக்குகிறது. விளக்கு எப்போது, எப்படி எரிய வேண்டும் என்பதை இதில் சேமிக்கப்படும் எண்கள் தீர்மானிக்கின்றன. இந்த எண்களின் பட்டியல் பின்னாளில் அமெரிக்க நீதிமன்றம் வரை சென்றது.

டிகோடருக்கு முன்

பழைய முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தமே எஞ்சினின் வேகத்தைத் தீர்மானித்தது. 12 வோல்ட் தந்தால் முழு வேகம், பூச்சியம் என்றால் நிறுத்தம். விளக்கும் அதே மின்சாரத்தில் எரிந்ததால் மெதுவாக ஓடும்போது மங்கியது. நிலையத்தில் நின்றதும் அணைந்தது. நிஜ ரயிலில் அப்படி நடப்பதில்லை. எஞ்சினுக்குள் டையோடுகளைச் சேர்த்து ஆர்வலர்கள் இதை ஓரளவு சமாளித்தனர்.

ஒரு பிட் விளக்கு

1980களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் மார்க்லின், ஆர்னால்டு நிறுவனங்களுக்காக ஓர் எண்முறைக் கட்டுப்பாட்டை உருவாக்கியது. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் அதை அடிப்படையாகக் கொண்டு 1990களில் டி.சி.சி. எனும் பொதுத்தரத்தை வகுத்தது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதன் துருவம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துருவநிலையும் 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது 1. ஏறத்தாழ 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்தால் 0. நின்றுகொண்டிருக்கும் எஞ்சினிலும் விளக்கு எரிய முடிந்தது இதனால்தான்.

தொடக்கத்தில் வேகக் கட்டளையின் 8 பிட்டுகளில் 2 கட்டளையின் வகைக்கும், 1 திசைக்கும், 4 வேகத்துக்கும் ஒதுக்கப்பட்டன. மீதமிருந்த ஒரு பிட் முகப்பு விளக்குக்கு. 4 பிட்டுகள் 16 நிலைகளைத் தரும். நிறுத்தம், அவசர நிறுத்தம் ஆகிய இரண்டும் போக 14 வேகப்படிகள். சீரான ஓட்டத்துக்கு அது போதவில்லை. 28 படிகள் வேண்டும் என்றபோது விளக்கின் பிட்டையே வேகத்துக்கு எடுத்துக்கொண்டு, விளக்கை வேறொரு கட்டளைக்கு மாற்றினர்.

இதன் விளைவு புதியவர்களை இன்றும் குழப்புகிறது. கட்டுப்பாட்டுக் கருவி 28 படிகளில் கட்டளையிட, டிகோடர் 14 படிகளுக்கென அமைக்கப்பட்டிருந்தால், வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும்போது விளக்கு மாறிமாறி எரிந்து அணையும். கம்பியிலும் விளக்கிலும் பழுதைத் தேடுவது வீண். சி.வி. 29 எனும் அமைவு மாறியில் 'பிட் 1' பூச்சியமாக இருப்பதே காரணம். அந்த பிட்டின் மதிப்பு 2. மாறியில் 4 இருந்தால் 6 என்று மாற்றி எழுதினால் சிக்கல் தீர்ந்துவிடும்.

நிஜ ரயிலைப் பின்பற்றி

எந்தப் பொத்தான் எந்த விளக்கை இயக்கும் என்பதற்குச் சங்கம் சி.வி. 33 முதல் 46 வரை ஒதுக்கியது. முன்விளக்குக்கு வெள்ளைக் கம்பி, பின்விளக்குக்கு மஞ்சள், பொது நேர்முனைக்கு நீலம் என்று நிறங்களும் வகுக்கப்பட்டன. மினுக்குதல், மங்குதல் போன்ற விளைவுகளை மட்டும் தயாரிப்பாளர்கள் தத்தம் விருப்பப்படி வெவ்வேறு எண்களில் வைத்தனர்.

விளைவுகளின் எண்ணிக்கை பெருகியதற்கு நிஜ ரயில்வேக்களே காரணம். அமெரிக்காவில் 1930களில் வந்த மார்ஸ் விளக்கின் ஒளிக்கற்றை '8' வடிவில் சுழன்றது. மணிக்கு 20 மைலுக்கு மேல் சாலைக் கடவுகளைத் தாண்டும் ரயில்களின் முன்னணி எஞ்சின்களுக்கு, 1997 டிசம்பர் 31 முதல் கூடுதல் விளக்குகள் அங்கே கட்டாயமாயின. சுவிட்சர்லாந்தில் முன்னே மூன்று வெள்ளை விளக்கு, பின்னே ஒற்றை வெள்ளை விளக்கு என்ற மரபு எளிய அட்டவணைக்குள் அடங்கவில்லை. ஆஸ்திரியாவின் சிமோ நிறுவனம் அதற்கான தனி வசதிக்குச் 'சுவிஸ் மேப்பிங்' என்றே பெயரிட்டது. 1996இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனம் வெள்ளை எல்.இ.டி.யை விற்பனைக்குக் கொண்டுவந்த பின் இன்னொரு வேடிக்கையும் சேர்ந்தது. குண்டு பல்பின் இழை மெல்லக் குளிர்ந்து அணையும், எல்.இ.டி. சட்டென அணையும். ஆகவே புதிய விளக்கைப் பழையதைப் போல அணையச் செய்யவும் ஓர் அமைவு தேவைப்பட்டது.

எண்கள் யாருக்குச் சொந்தம்?

தயாரிப்பாளருக்கொரு எண் வரிசை என்றானதால் கையேடு இல்லாமல் டிகோடரை அமைப்பது கடினமாயிற்று. கலிஃபோர்னியப் பல்கலைக்கழக இயற்பியலாளர் பாப் ஜேக்கப்சனும் தன்னார்வலர்களும் ஜே.எம்.ஆர்.ஐ. எனும் திறந்த மூல மென்பொருளை உருவாக்கினர். அதன் 'டிகோடர் புரோ' பகுதிக்காக, எந்த டிகோடரில் எந்த எண் எதைச் செய்யும் என்ற வரையறைக் கோப்புகளையும் எழுதினர். அக்கோப்புகளின் பகுதிகள், எழுதியவர்கள் பெயரும் உரிமக் குறிப்பும் இல்லாமல் ஒரு வணிக மென்பொருளில் இடம்பெற்றன.

ஜேக்கப்சன் வழக்குத் தொடுத்தார். உரிமத்தை மீறியது வெறும் ஒப்பந்த மீறலே என்று கூறி, 2007இல் மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. மேல்முறையீட்டில் இது மாறியது. இலவசமாகத் தரப்படும் மென்பொருளின் உரிம நிபந்தனைகளையும் பதிப்புரிமைச் சட்டத்தின் வழியே நிலைநாட்டலாம் என்று 2008 ஆகஸ்ட் 13 அன்று தீர்ப்பு வந்தது. 'ஜேக்கப்சன் எதிர் காட்சர்' எனப்படும் இவ்வழக்கு, மாதிரி ரயிலையே பார்த்திராத மென்பொருளாளர்களும் மேற்கோள் காட்டும் முன்னுதாரணமானது. வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, 2010இல் இருதரப்பு உடன்பாட்டில் முடிந்தது.