சுராபாயாவிலிருந்து வந்த மின்கிட்டார்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒவ்வொரு வருடமும் ஒரு பாட்டுக்கு மட்டும் கூட்டம் சத்தம் போடாமல் நிற்கும். ‘இளைய நிலா’. பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் வரும் அந்தக் கிட்டாருக்காகத்தான் நிற்பார்கள் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு நினைப்பு. வாசித்தது என் சின்னப்பா. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழாத மூலையில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் பாடியவர் பெயரை மைக்கில் இரண்டு தடவை சொல்வார். சின்னப்பா பெயரைச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை.

அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல வரவில்லை. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் அந்தக் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். இளையராஜா என்றால் தெரியும், எஸ்.பி.பி. என்றால் தெரியும். சந்திரசேகர் என்றால் இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கும்போதுதான் தெரிந்தது.

போன வருடக் கடைசியில், ரிங்லெட்டில் விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், சின்னப்பாவுக்குக் கைப்பேசியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை வீடியோவைக் காட்டினேன். 1960-இல் எடுத்தது. கோட்டு சூட்டு போட்ட நான்கு இளைஞர்கள், ‘ரோலிங் ராக்’ என்ற பாட்டு. ஒருவர் கிட்டாரோடு துள்ளுகிறார், பெரிய டபுள் பேஸ் ஒன்று ஆள் மாதிரி ஆடுகிறது, நடுவில் நிற்பவரின் விரல்கள் கம்பியில் ஓடுவது கண்ணுக்குப் பிடிபடவில்லை. சின்னப்பா இரண்டு தடவை பார்த்தார். “டேய், இவனுங்க நம்ம பக்கத்து ஆளுங்க மாதிரி இருக்கானுங்களே” என்றார்.

பக்கத்து ஆட்கள்தான். நடுவில் நிற்பவர் ஆண்டி டீல்மன். மக்காசாரில் 1936-இல் பிறந்தவர். குழு, டீல்மன் பிரதர்ஸ்.

அப்பா ஹெர்மன் டீல்மன் தீமோர் வழி வந்தவர், டச்சுக் காலனியப் படையில் அதிகாரி. ஜப்பான்காரன் காலத்தில் போர்க்கைதியாக இருந்து திரும்பியவர். போர் முடிந்ததும் சுராபாயாவில் தன் பிள்ளைகளை வைத்தே ஒரு குழு கட்டினார். ரெஜி, பொன்தோன், ஆண்டி, லூலூ, கடைசியாகத் தங்கை ஜேன். தீமோர் ரிதம் பிரதர்ஸ் என்று பெயர். பிள்ளைகள் தீவுகளின் நாட்டுப்பாடல்களைப் பாடினார்கள், ஆடினார்கள். அதிபர் சுகர்னோ முன்னாலும் வாசித்திருக்கிறார்கள். ராக் அண்ட் ரோல் என்ற சொல்லே அப்போது அந்தப் பக்கம் வந்திருக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று குரோன்சோங் பற்றிச் சொல்ல வேண்டும். போர்த்துகீசியர்கள் விட்டுப் போன சின்னக் கிட்டார்களிலிருந்து வளர்ந்த இசை அது. நம் ஊர்ப் பழைய மலாய்ப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் சாயல் காதில் இருக்கும். பாடகர் மெதுவாக, இழுத்து, கிட்டத்தட்ட அழுதுகொண்டே பாடுவார். ஆனால் பின்னால் இரண்டு சின்னக் கிட்டார்கள் ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று புகுந்து சரசரவென்று தட்டிக்கொண்டிருக்கும். செல்லோவை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டி மேளம் மாதிரி ஆக்கிவிடுவார்கள். பெரிய கிட்டார் எங்கேயும் நிற்காது, பாட்டு முழுக்க அடுக்கடுக்காக ஸ்வரங்களை ஓட்டிக்கொண்டே போகும். மேலே மெதுவாகப் போகும் பாட்டு, அடியில் அவசரமாக ஓடும் கைகள். இதைக் கேட்டு வளர்ந்த பையன் கையில் மின்கிட்டார் கிடைத்தால் என்ன செய்வான்? ராக் கிட்டாரின் வேகம் அமெரிக்காவில் மட்டும் பிறந்தது என்று எழுதுகிறவர்கள் குரோன்சோங்கைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1957-இல் குடும்பம் நெதர்லாந்துக்குப் போனது. விரும்பிப் போன பயணம் என்று சொல்ல முடியாது. 1949 டிசம்பரில் இந்தோனேசியாவின் இறையாண்மையை டச்சுக்காரர்கள் ஒப்புக்கொண்ட பிறகு, ‘இந்தோ’ என்று அழைக்கப்பட்ட கலப்பின மக்களுக்கு அந்த மண்ணில் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. மேற்கு நியூ கினித் தகராறு முற்றியதும் இன்னும் மோசம். போர் முடிந்ததிலிருந்து அறுபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் கிட்டத்தட்ட 3,00,000 பேர் கப்பலேறினார்கள். அதில் பெரும்பாலானவர்கள் நெதர்லாந்தை அதற்கு முன்னால் கண்ணால் பார்த்ததே இல்லை. அங்கே அவர்களை ஒப்பந்த விடுதிகளில் தங்க வைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. வேலை கிடைத்த பிறகு தங்கிய செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். இதைப் படித்தபோது லயத்து வீடும், கப்பல் கூலி முன்பணத்தை அடைக்கவே வருடக்கணக்கில் உழைத்த பாட்டன்மார்களும் ஞாபகம் வராமல் போகுமா?

டீல்மன்கள் பிரேடா நகரில் குடியேறினார்கள். 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சி. அங்கே ஹவாய் கிராமம் என்று ஓர் அரங்கு. ஹவாய்க் குழுக்கள் ஓய்வெடுக்கும் இடைவேளையில் இவர்களை ஏற்றிவிட்டார்கள். இடைவேளைக்கு வந்தவர்களைப் பார்க்கத்தான் கூட்டம் கூடியது. கழுத்துக்குப் பின்னால் வைத்து வாசிப்பு, பல்லால் வாசிப்பு, காலால் வாசிப்பு, கிட்டாரைத் தூக்கி வீசிப் பிடிப்பு. அதே வருடம் பெல்ஜியத்தில் ‘ராக் லிட்டில் பேபி ஆஃப் மைன்’ இசைத்தட்டு வந்தது. டச்சு ராக் வரலாறு பொதுவாக அதிலிருந்துதான் தொடங்குகிறது. அதாவது, டச்சு ராக்கின் முதல் தட்டு ஓர் ஆசியக் குடும்பத்தின் தட்டு.

பிறகு ஜெர்மனியின் இரவு விடுதிகள். அவர்களைப் பார்த்து இன்னும் பல இந்தோ குழுக்கள் கிளம்பின. ஹேக் நகரிலிருந்து கிரேஸி ராக்கர்ஸ், பிளாக் டைனமைட்ஸ், ஜாவலின்ஸ் என்று. ஆண்டி ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டரில் கூடுதல் கம்பிகள் கட்டிப் பத்துக் கம்பிக் கிட்டாராக ஆக்கிக்கொண்டார். உடனே மற்ற இந்தோ குழுக்களும் பத்துக் கம்பி கட்டின.

ஹாம்பர்க்கில் இவர்களைப் பார்த்துத்தான் பீட்டில்ஸ் இதைக் கற்றார்கள், அதைக் கற்றார்கள் என்று இணையத்தில் நிறையக் கதை ஓடும். எனக்கு அதில் ஆர்வமில்லை. ஒரு ஆசியக் கலைஞனின் மதிப்பை நிறுவ ஓர் ஆங்கிலேயன் பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கே எரிச்சலாக இருக்கிறது. அதே மாதிரி, பல்லால் வாசித்ததில் ஹெண்ட்ரிக்ஸுக்கு முன்னோடி என்று சொல்லிக் கொடி பிடிக்கவும் மாட்டேன். டி-போன் வாக்கர் நாற்பதுகளிலேயே கிட்டாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசித்தவர். கறுப்பின விடுதிகளில் அது பழைய வித்தை. சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற பெண்மணி, தேவாலயப் பாட்டுக்கு மின்கிட்டாரைக் கடித்துக் குதறுகிற மாதிரி வாசித்தார். 1964-இல் மான்செஸ்டரில் ஒரு பழைய ரயில் நிலைய மேடையில் அவர் வாசித்ததை இப்போதும் பார்க்கலாம். கிளிஃப் கேலப் என்று இன்னொருவர். ஜீன் வின்சென்ட்டுடன் 1956-இல் ஒரே வருடத்துக்குள் 35 பாட்டுகள் பதிவு செய்துவிட்டு, வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்த்தார். பிற்காலத்தில் பள்ளிக்கூடங்களின் பராமரிப்புப் பிரிவில் இருந்தார். 1993-இல் ஜெஃப் பெக் அந்தப் பாட்டுகளையே திரும்ப வாசித்து ஒரு தொகுப்பு போட்டார். கேலப் அதற்கு ஐந்து வருடம் முன்பே இறந்துவிட்டார்.

‘முதல் ஆள் யார்’ என்பது இதில் சின்னக் கேள்வி. ஒரே பத்து வருடத்தில், ஒருவரை ஒருவர் அறியாமல், இத்தனை இடங்களில் விரல்கள் வேகமெடுத்தது ஏன் என்பதுதான் எனக்குப் பெரிசு. இதற்கு எஞ்சினியர் மூளையில் ஒரு பதில் இருக்கிறது. சாதாரணக் கிட்டாரில் கம்பியின் ஆட்டம் மரப்பெட்டியை அசைக்க வேண்டும், பெட்டி காற்றை அசைக்க வேண்டும். சத்தம் வேண்டுமென்றால் தடித்த கம்பி, பலமான அடி. பலமாக அடிக்கிற கை வேகமாகப் போகாது. மின்கிட்டாரில் கம்பிக்குக் கீழே ஒரு காந்தமும் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செம்புக் கம்பியும் இருக்கின்றன. எஃகுக் கம்பி கொஞ்சம் ஆடினாலும் காந்தப்புலம் மாறும், சுருளில் மின்சாரம் பிறக்கும். சத்தத்தை ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்ளும். கைக்குப் பலம் தேவையில்லை என்று ஆகிவிட்டது. கம்பியை மெலிதாக்கலாம். ஐம்பதுகளின் கடைசியில் ஜேம்ஸ் பர்ட்டன் மேல் கம்பிகளை எடுத்துவிட்டு பாஞ்சோ கம்பிகளைப் போட்டுப் பார்த்தார். வலது கை ஒவ்வொரு ஸ்வரத்தையும் தட்ட வேண்டாம். இடது விரல் அழுத்தினாலே, இழுத்துவிட்டாலே ஒலி வரும். அடைத்து வைத்திருந்த வாய்க்காலைத் திறந்துவிட்ட மாதிரி.

(அதே காந்தச் சுருள்தான் பக்கத்து மின்கம்பியின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டால் என்ன ஆகும்? திருவிழா முழுக்கச் சின்னப்பாவின் கிட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருக்கும். அது சாமி சத்தம் என்று நான் நம்பிய காலம் உண்டு.)

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் சிங்கப்பூருக்கு வந்து போனார்கள். அதற்குப் பிறகு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தெருவுக்கு ஒரு கிட்டார்க் குழு. அதற்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர்தான் ‘குகிரான்’, துள்ளல் கிட்டார்க் குழு என்று பொருள்படும் சொற்களின் சுருக்கம். பாட்டுக்குப் பெயர் ‘பாப் யே யே’. சிங்கப்பூரில் குவெஸ்ட்ஸ் என்ற குழுவின் ‘ஷாண்டி’ 1964-இல் அங்கே பீட்டில்ஸைக் கீழே தள்ளி முதலிடத்துக்குப் போனது. பாடல் வரியே இல்லாத, வெறும் கிட்டார் உருப்படி. அக்குழுவின் முன்னணிக் கிட்டார்காரராகப் பேர் வாங்கியவர் ரெஜி வர்கீஸ். வர்கீஸ் என்பது கேரளத்துக் கிறித்தவப் பெயர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவர் தயாரிப்பாளராகி மற்றவர்களின் தட்டுகளுக்குப் பின்னால் போய்விட்டார்.

டீல்மன்கள் ஏன் புத்தகங்களில் இல்லை? ஒன்று, தட்டுகள். விடுதியில் பேயாட்டம் ஆடிய குழுவைப் பதிவு அறையில் உட்கார வைத்து, நிறுவனங்கள் இனிமையான பாட்டுகளைப் பாட வைத்தன. நெதர்லாந்தில் அவர்களுக்குக் கிடைத்த வெற்றிப் பாட்டு, 1967-இன் ‘லிட்டில் பேர்ட்’, ஒரு மென்மையான பாட்டு. அதை மட்டும் கேட்கிறவன் இவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. வரலாறு எழுதுகிறவர்கள் தட்டை வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

இன்னொன்று, சொந்தம் கொண்டாட நாடில்லை. சுகர்னோ 1959-இல் ராக் அண்ட் ரோலை ‘ங்காக் ங்கிக் ங்கோக்’ என்று கேலி செய்து ஒதுக்கினார். 1965-இல் பீட்டில்ஸ் பாட்டு வாசித்ததற்காகக் கூஸ் சகோதரர்களை ஜகார்த்தாவின் குளோடோக் சிறையில் மூன்று மாதம் வைத்தார்கள். அந்த இந்தோனேசியாவுக்கு, டச்சுப் படை அதிகாரியின் பிள்ளைகள் எதற்கு? டச்சுக்காரர்களுக்கோ அவர்கள் வெப்பமண்டலத்திலிருந்து வந்த வேடிக்கை. ஹவாய் கிராமத்தில் வைத்ததே அந்தக் கணக்கில்தானே. பிரிட்டிஷ் குழுக்களின் அலை வந்ததும் இந்தோ ராக் பழசாகிப்போனது. ஆண்டிக்கு டச்சு அரச விருது 2005-இல் கிடைத்தது. 2011 நவம்பரில் இறந்தார்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. 1962-இல் நைமேகன் நகரிலிருந்து ஒரு குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அப்பா டச்சு இசைக்கலைஞர், அம்மா ஜாவாவின் ரங்காஸ்பிதுங்கில் பிறந்த இந்தோ பெண். அந்த அம்மா நெதர்லாந்தில் நிறத்துக்காகப் பட்ட அவமானங்களைப் பற்றி மகன் பின்னாளில் பேசியிருக்கிறார். மகன் பெயர் எடி வான் ஹேலன். 1978-இல் ‘இரப்ஷன்’ என்ற ஒரு நிமிடம் 42 வினாடி உருப்படியால் மின்கிட்டாரின் இலக்கணத்தையே மாற்றியவர். டீல்மனிடமிருந்து வான் ஹேலனுக்கு என்று கோடு போட என்னிடம் சான்று எதுவும் கிடையாது, போடவும் மாட்டேன். ஆனால் இரண்டு வீடுகளும் ஒரே காரணத்துக்காக ஒரே கடலைத் தாண்டியவை.

இதையெல்லாம் சின்னப்பாவிடம் சொல்லி முடித்தேன். அவர் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இருபது வருடம் பிடித்தவர். இரண்டு பக்கமும் ஆள் பிடித்து, செடிக்கு மேலே தள்ளிக்கொண்டு போகிற மோட்டார் இயந்திரம். நாள் முழுக்க அதிரும். முதலில் விரல் நுனி வெளுத்தது, பிறகு குளிர்காலையில் மரத்துப்போக ஆரம்பித்தது, பிறகு கம்பி எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியாமல் போனது. அதோடு கிட்டார் அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. பதினைந்து வருடமாகிறது.

“கம்பி என்னா நம்பர் போட்டிருக்கான் இவன்?” என்று கேட்டார். தெரியலை சின்னப்பா என்றேன். “மெலிசாத்தான் இருக்கும் லா. இல்லாட்டி இந்த ஓட்டம் ஓட முடியாது.” வீடியோவை நிறுத்தச் சொன்னார். ஆண்டியின் இடது கை கழுத்துப் பலகையில் மங்கலாக நின்றிருந்த இடத்தில் திரையைப் பெரிதாக்கச் சொன்னார். தன் இடது கையை முழங்காலில் வைத்து, மூன்று விரல்களை அதே மாதிரி மடக்கிப் பார்த்தார். நாலாவது விரல் வரவில்லை. வலது கையால் அதைப் பிடித்து இடத்தில் வைத்துக்கொண்டு, “இப்ப ஓட்டு” என்றார்.