வில்லங்கம் பார்க்கும் வழக்கம் எப்படி வந்தது?



ஒருவர் நிலம் வாங்கப் போகிறார் என்றால் ஊரில் நாலு பேர் கேட்கிற கேள்வி, "வில்லங்கம் பாத்தாச்சா?" என்பதுதான். மண் எப்படி, கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்பதெல்லாம் அப்புறம். "பார்க்கவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்னால் கோர்ட்டில் எடுபடாது. பார்க்காதவருக்கும் தெரிந்ததாகவே சட்டம் வைத்துக்கொள்ளும். இது எப்போது, எப்படி வந்தது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பழங்காலத்தில் நிலம் கைமாறினால் அதை ஊரறியச் செய்தார்கள். சோழர் செப்பேடுகளில் இதைக் காணலாம். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தபோது, பெண் யானையை நடக்கவிட்டு எல்லை சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். யானை நடந்ததை ஊரே பார்த்திருக்கும். பிற்பாடு யாராவது "எனக்குத் தெரியாதே" என்றால் சிரிக்க மாட்டார்களா?

கம்பெனி ஆட்சியில் யானை போய்ப் புத்தகம் வந்தது. சென்னை ராஜதானியில் 1802-ஆம் ஆண்டின் 17-ஆவது ரெகுலேஷன்படி ஜில்லா கோர்ட்டுகளில் பத்திரங்களைப் பதிய ஏற்பாடு செய்தார்கள். 1864-இல் இந்தியா முழுமைக்கும் பதிவுச் சட்டம் வந்து, சில வகைப் பத்திரங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்றாயிற்று. அதைத் திருத்தித் திருத்தி, கடைசியில் வந்தது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். நிலம், வீடு பற்றிய பத்திரங்கள் பதிவாகிற ஒன்றாம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். இதை அந்தச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. சொந்தக்காரர் சம்மதம் கூடத் தேவையில்லை.

சரி, புத்தகம் திறந்து கிடக்கிறது. அதைப் பார்க்காமல் வாங்கினவன் கதி என்ன? இதில்தான் ரொம்ப நாள் இழுபறி.

ஒருவர் தன் 2 ஏக்கர் நஞ்சையை உங்களுக்குக் கிரயம் தருவதாக அக்ரிமெண்டு எழுதிப் பதிந்து, முன்பணமும் வாங்கிக்கொள்கிறார். அப்புறம் வேறொருவர் கூடுதல் விலை தரவே, அவருக்கே விற்றுவிடுகிறார். அந்த இரண்டாம் ஆள் உங்கள் அக்ரிமெண்டு பற்றித் தெரியாமல், நல்லெண்ணத்தில் பணம் கொடுத்திருந்தால், நிலத்தை அவரிடமிருந்து நீங்கள் வாங்க முடியாது. ஆகவே அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. பம்பாய், அலகாபாத் ஹைகோர்ட்டுகள் 'பதிவானால் தெரிந்த மாதிரிதான்' என்றன. கல்கத்தாவும் நம் சென்னையும் 'பதிவு மட்டும் போதாது' என்றன. ஒரே சட்டம், ஆனால் ஊருக்கு ஒரு நியாயம். 1920-இல் லண்டன் பிரிவி கவுன்சில் திலக்தாரி லால் வழக்கில், பதிவு செய்ததாலேயே எல்லோருக்கும் தெரிந்ததாகிவிடாது, அந்தந்த வழக்கின் நிலவரத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் காசு கட்டிப் பதிந்தவனுக்கு என்ன பாதுகாப்பு? இதைத் தீர்க்கத்தான் 1929-இல் சொத்து மாற்றுச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1930 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தம் அமலுக்கு வந்தது. கட்டாயம் பதிய வேண்டிய பத்திரம் ஒன்று பதிவாகிவிட்டால், அந்தத் தேதியிலிருந்து, பின்னால் அந்தச் சொத்தை வாங்குகிறவருக்கு அது தெரியும் என்றே கொள்ளப்படும். கிரய அக்ரிமெண்டைப் பதிவது அப்போது கட்டாயமாக இல்லை. தமிழ்நாட்டில் 2012-இல் செய்த திருத்தத்தால்தான் அதுவும் கட்டாயமாயிற்று.

இந்தத் திருத்தத்தின் அருமை யாருக்குத் தெரியுமென்றால், பங்கு பிரிந்த வீட்டின் தாய்க்குத் தெரியும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்கள். தாய்க்கு வருஷம் இத்தனை மூட்டை நெல் ஜீவனாம்சம் என்றும், தம்பியின் பாகமே அதற்குப் பொறுப்பு என்றும் பத்திரத்தில் எழுதுகிறார்கள். தம்பி அந்த நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போய்விடுகிறான். வாங்கினவர் நெல் தர மறுக்கிறார். பாகப்பத்திரம் பதிவாகியிருந்தால், "தெரியாது" என்று அவர் தப்பிக்க முடியாது. வெறும் கையெழுத்துக் காகிதமாக வீட்டுப் பெட்டியில் கிடந்தால், அவருக்கு அது தெரியும் என்று அந்தத் தாய் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். பதிவுச் செலவை மிச்சம் பிடித்த பிள்ளைகளால் வயதான காலத்தில் கோர்ட்டுப் படியேற வேண்டியதாகிறது.

பலரும் கவனிக்காத ஒன்று இதிலே உண்டு. பத்திரம் பதிவானால் மட்டும் போதாது. புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும், அட்டவணையிலும் சரியாக ஏறியிருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அட்டவணை இரண்டு உண்டு. ஒன்று பெயர்வாரி, மற்றது சொத்துவாரி. சர்வே நம்பர் 112 என்பது 121 என்று விழுந்துவிட்டால், தேடுகிறவர் கண்ணில் படாது. கண்ணில் படாததைத் தெரிந்ததாக வைத்துக்கொள்ள முடியுமா? அதனால்தான், பத்திரம் முடிந்து ஒரு மாதம் கழித்து, வாங்கின நிலத்துக்கே ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது. ஏன் வீண் செலவு என்பார்கள். வீண் இல்லை.

கிணறு வெட்டச் சர்க்கார் கொடுத்த தக்காவிக் கடன் உத்தரவின் நகலும் சார் பதிவாளருக்குப் போய் ஒன்றாம் புத்தகத்தில் கோக்கப்பட வேண்டும் என்பது 1908 சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் எல்லாமே புத்தகத்தில் இருக்காது. பதியாத உயில், வாய்ப்பேச்சில் நடந்த பாகம், தகப்பன் இறந்து பிள்ளைகளுக்கு வந்த உரிமை, இவையெல்லாம் வில்லங்கச் சான்றில் வரா. பட்டா ஒருவர் பேரில் இருப்பதாலும் இவை இல்லையென்று ஆகிவிடாது.

குத்தகையும் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். இதற்கும் 1929 திருத்தம் வழி சொன்னது. நிலத்தில் யார் அனுபவத்தில் இருக்கிறாரோ, அவருக்கு என்ன உரிமை உண்டோ, அதுவும் வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும். இது இங்கிலாந்தில் 1809-இலேயே எல்டன் பிரபு சொன்ன தீர்ப்பை ஒட்டியது. ஒரு மதுக்கடையும் தோட்டமும் குத்தகையில் இருந்தன. குத்தகைக்காரரே அதை விலைக்கு வாங்கவும் பேசி வைத்திருந்தார். வேறொருவர் வந்து வாங்கிவிட்டு, "குத்தகை மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றார். உள்ளே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்று கேட்டார் நீதிபதி.

ஆகவே ஆபீசுக்குப் போகிற அன்றே வயலுக்கும் போங்கள். நாற்று நடுகிறவர் யார், வாரமா குத்தகையா, எத்தனை வருஷமாக என்று அவரிடமே கேளுங்கள். தரகர் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள்.

எத்தனை வருஷத்துக்கு வில்லங்கம் போடுவது என்று கேட்பீர்கள். அடமானத்தை மீட்க முன்பு 60 வருஷம் கெடு இருந்தது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் அதை 30 ஆக்கியது. ஆகவே 30 வருஷத்துக்குக் குறையாமல் பாருங்கள். இப்போது கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். ஆனால் பழைய வருஷங்களுக்கு இன்னமும் சார் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டியிருக்கும். மனுவில் சர்வே நம்பர், உட்பிரிவு, நான்கெல்லை எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். பழைய சர்வே நம்பர் வேறாக இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.