சட்டாம்பிள்ளை லண்டன் போன கதை

'ஏனுங்க, ஒரே கிளாஸ்ல அறுபது பசங்க. மேய்க்கறதா, பாடம் நடத்தறதா?'

கோவைப் பக்கம், கூட்டம் நிரம்பி வழிகிற அரசு உயர்நிலைப் பள்ளி எதிலும் இப்படி அலுத்துக்கொள்ளும் ஆசிரியர் ஒருவராவது இருப்பார். இந்தத் தலைவலிக்கு மருந்து என்று ஒருகாலத்தில் இங்கிலாந்தே கொண்டாடிய சரக்கு, நம்ம ஊரிலிருந்து போனதுதான். தெரியுமோ?

1789. சென்னை எழும்பூரில், ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் வழியில் உள்ளூர்ப் பள்ளி ஒன்று கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அட, தாளும் வேண்டாம், மையும் வேண்டாம்! தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தார் பெல். பையன் ஜமாய்த்துவிட்டான்!

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தருவது திண்ணைப் பள்ளிக்குப் புதிதா என்ன? அங்கே சட்டாம்பிள்ளை ராஜ்ஜியம்தானே!

1796ல் ஊர் திரும்பிய பெல், மறு வருஷமே இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று பேரே வந்துவிட்டது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இதே பாணியில், ஒரே பெரிய கூடத்தில், ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை உட்காரவைத்தார். செலவு கம்மி. கேட்க வேண்டுமா?

ஆனால், இங்கேதான் ஒரு முடிச்சு. 1822ல் கவர்னர் தாமஸ் மன்றோ பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். கோவை மாவட்டத்தில் 763 பள்ளிகள், 8,206 பிள்ளைகள். ஒரு பள்ளிக்குப் பதினோரு பேர்கூடத் தேறவில்லை! ஆக, திண்ணையில் சட்டாம்பிள்ளை வந்தது கூட்டத்தைச் சமாளிக்க அல்ல. ஒருத்தன் 'அ' எழுத, இன்னொருத்தன் கணக்குப் போட, ஆளுக்கொரு படியில் நின்றதால்தான். கூடவே ஐயா கண்ணெதிரே இருந்தார்.

லண்டன்காரர்கள் சட்டாம்பிள்ளையை எடுத்துக்கொண்டு, ஐயாவை எட்டாத தூரத்தில் வைத்தார்கள். விளைவு, கிளிப்பிள்ளைப் பாடம். 1846ல் அந்த நாட்டு அரசே, சம்பளம் கொடுத்துப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் வேறு வழிக்குப் போனது.

திண்ணையையும் ரொம்பப் புகழ வேண்டாம். அந்த 8,206 பேரில் பெண் பிள்ளைகள் வெறும் 82 பேர். தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கதவு பெரும்பாலும் மூடியே கிடந்தது. காமராஜர் காலத்தில் ஊர் ஊராகப் பள்ளியும் மதியச் சோறும் வந்தபிறகுதான் வகுப்பறைகள் நிறைந்தன. கூட்டம் என்பது நாம் ஜெயித்ததன் அடையாளம்!

அறுபது பேரை ஆறு ஆறாக வட்டமாக உட்காரவையுங்கள். நன்றாகப் படிப்பவனும் தடுமாறுபவனும் ஒரே வட்டத்தில் இருக்கட்டும். கணக்குக்கு ஒரு தலைவி, அறிவியலுக்கு வேறொருத்தன் என்று பொறுப்பு கைமாறட்டும். பிரம்பு மட்டும் யார் கையிலும் வேண்டாம். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லித்தரும் அந்த நேரத்தில், ஆசிரியர் கடைசி பெஞ்சுக்குப் போய், ஒன்றும் புரியாமல் விழிக்கிற பிள்ளை பக்கத்தில் உட்காரவேண்டும்.

சட்டாம்பிள்ளை மிச்சப்படுத்தித் தருவது அந்தப் பத்து நிமிஷத்தைத்தான். அதை வைத்து ஓர் ஆசிரியர் பணியிடத்தையே மிச்சம் பிடிக்க நினைத்தால், லண்டன் பட்டதுதான் நமக்கும்!